தேவதைக்கு வீடா, புழுவுக்குச் சோறா? டர்பன் முற்றத்துக்கு எந்தத் தோட்டம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கத்துத் தமிழ் வீடுகளில் முற்றம் பெரும்பாலும் சின்னதுதான். கார் நிறுத்த ஒரு சிமெண்ட் தளம், துணி காயப்போட ஒரு கம்பி, சுவரோரம் கறிவேப்பிலை, எலுமிச்சை, ஒரு துளசித் தொட்டி. இவை போக மிஞ்சுகிற நாலைந்து சதுர மீட்டர் மண்ணில் பிள்ளைகளோடு சேர்ந்து ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை, செப்டம்பரில் வசந்தம் தொடங்கியதும் பலருக்கும் வரும். ஒரு வழி, குட்டி வீடும் பாலமும் வைத்து அமைக்கிற தேவதைத் தோட்டம். இன்னொரு வழி, பட்டாம்பூச்சிகளுக்கான தோட்டம். இடமும் காசும் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் எதை எடுப்பது?

என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண் இருந்தால் அதைப் பட்டாம்பூச்சிக்குக் கொடுங்கள். தேவதைக்கு ஒரு தொட்டி போதும். இந்தத் தீர்ப்பு பொருந்தாத வீடுகளும் உண்டு. அவற்றையும் சொல்கிறேன்.

வடக்கே வெயில், தெற்கே நிழல்

டர்பன் பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஏறக்குறைய 30 பாகையில் இருக்கிறது. குளிர்காலத்தில் சூரியன் வடக்கு வானத்தில் சாய்ந்துதான் போகும். அதனால் இங்கே வீட்டின் வடக்குச் சுவர் காய்ந்து சூடாக இருக்கும். தெற்குச் சுவரோரம் பாசி பிடிக்கும். எந்தத் தோட்டம் எங்கே என்பதைப் பாதி முடிவு செய்வது இதுதான்.

பட்டாம்பூச்சிக்குத் தானாக உடல் சூடு கிடையாது. பறக்க வேண்டுமானால் அதன் தசைகள் 30 டிகிரிக்குப் பக்கமாகச் சூடேற வேண்டும். காலையில் சிறகை விரித்துக் கல்லின் மேல் உட்கார்ந்திருப்பது அதற்காகத்தான். ஆகவே அதற்கு வடக்குப் பக்கம் வேண்டும், காற்றுத் தடுப்பும் வேண்டும். நம் கடற்கரையில் வடகிழக்குக் காற்றும் தென்மேற்குக் காற்றும் மாறி மாறி அடிக்கும். வேலியோ புதரோ இல்லாத வெட்டவெளியில் எவ்வளவு பூ வைத்தாலும் பூச்சி நின்று தேன் குடிக்காது.

பாசி, சிறு பெரணி, இங்கே வொண்டர் லான் என்று விற்கிற டைகோன்ட்ரா ஆகியவற்றை வைத்துச் செய்கிற தேவதைத் தோட்டத்துக்குத் தெற்குப் பக்கத்து ஈரமும் நிழலும் பிடிக்கும். இரண்டு பக்கமும் உள்ள வீட்டுக்காரர்களுக்கு ஆகவே சண்டையே இல்லை. ஆனால் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் ஒரு பக்கம்தான் கிடைக்கும். அதோடு, இப்போது பலரும் விரும்புகிற தேவதைத் தோட்டம் சதைப்பற்றுச் செடிகளால் ஆனது. அதற்கும் வெயில் வேண்டும். போட்டி உண்மையில் தொடங்குவது அங்கேதான்.

இன்றே அழகா, அடுத்த கோடையிலா

வேகத்தில் தேவதைத் தோட்டத்தை எதுவும் வெல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் வாய் அகன்ற தொட்டி, மணல் கலந்த மண், நாலு செடி, கூழாங்கல் பாதை, ஒரு குட்டி வீடு. மாலைக்குள் முடிந்துவிடும். தமிழ்நாட்டில் நவராத்திரிக் கொலுப்படிக்குக் கீழே கடுகை முளைக்கவிட்டுப் புல்வெளியாக்கி, கண்ணாடித் துண்டைக் குளமாக்கிப் பிள்ளைகள் பூங்கா செய்வார்களே, அதே சுகம் இது. கைக்குள் அடங்கும் ஓர் ஊரைக் கட்டுகிற ஆசை எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கிறது. அதை அற்பம் என்று ஒதுக்க எனக்கு மனம் வராது.

செடிகளில் நமக்கு ஒரு பெரிய வசதியும் உண்டு. உலகம் முழுக்கக் குட்டித் தோட்டக்காரர்கள் காசு கொடுத்து வாங்குகிற ஜேட் செடி, ஹவொர்த்தியா, ஸ்பெக்பூம் மூன்றுமே இந்த நாட்டுச் சதைப்பற்றுச் செடிகள். ஸ்பெக்பூம் கிளையை ஒடித்து, வெட்டுவாய் காயும்வரை சில நாள் நிழலில் வைத்து நட்டால் வேர் பிடிக்கும். நுனியைக் கிள்ளக் கிள்ள அடி தடித்து, நிஜ மரத்தின் உருவமே வந்துவிடும். பிளாஸ்டிக் மரம் வாங்க அவசியமே இல்லை.

அதற்குப் பிறகுதான் சிக்கல். அக்டோபர் முதல் மார்ச் வரை இங்கே மழைக்காலம். சாட்ஸ்வொர்த் போன்ற மேடும் சரிவுமான இடத்தில் தரையில் அமைத்த குட்டி ஊரை ஒரே இடிமழை அடித்துக்கொண்டு போய்விடும். வெயிலில் பொம்மைகளின் சாயம் வெளுக்கும். வெர்வெட் குரங்குகள் வருகிற தெருவாக இருந்தால், புதிதாக எதைக் கண்டாலும் பிடுங்கித்தான் பார்க்கும். நிழல் தோட்டத்தின் ஈரத்தில் நத்தைகள் சேரும். நத்தைக்கு மருந்து போட்டால் அது நாய்க்கும் நஞ்சு. பிள்ளைகள் கைவைத்து விளையாடுகிற இடத்தில் அந்த மருந்தைத் தூவவே கூடாது. இரவில் டார்ச்சோடு போய் நத்தையைப் பொறுக்குவதே வழி.

பட்டாம்பூச்சித் தோட்டம் இதற்கு நேர்மாறு. முதல் சில வாரங்கள் வெறும் செடிகள்தான். மழைக்காலம் முழுக்க வளர்ந்து, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நம் பக்கத்தில் பூச்சிகள் நிறையப் பறக்கும்போதுதான் பலன் தெரியும். காத்திருக்க முடியாதவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். ஆனால் இரண்டாம் வருடம் முதல் அது தானாகவே புதிதாகிக்கொண்டிருக்கும். தேவதைத் தோட்டமோ நாம் கை வைத்தால்தான் மாறும்.

கறிவேப்பிலையில் நடக்கும் தகராறு

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். பூச்செடி வைத்தால் பட்டாம்பூச்சித் தோட்டம் ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பூ என்பது வழிப்போக்கருக்கு வைத்த மோர்ப்பந்தல். குடித்துவிட்டுப் போய்விடும். பூச்சி அங்கேயே குடியிருக்க வேண்டுமானால் அதன் புழுவுக்கு இலை வேண்டும். அதுவும் எந்த இலையும் ஆகாது. ஒவ்வொரு வகைக்கும் அதற்கென்று சில செடிகள் மட்டுமே.

நம் வீடுகளில் அந்தச் செடி ஏற்கெனவே இருக்கிறது. கறுப்பில் மஞ்சள் பொட்டுகளோடு, வாலில்லாத பெரிய சிறகை அடித்தபடி எலுமிச்சையைச் சுற்றி வரும் சிட்ரஸ் ஸ்வாலோடெய்லைப் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் எலுமிச்சை அழகி என்கிற பூச்சிக்கு இது நெருங்கிய சொந்தம். எலுமிச்சையிலும் அதே குடும்பத்துக் கறிவேப்பிலையிலும் இலைக்கு ஒன்றாக முட்டை வைக்கும். இளம்புழு பறவை எச்சம் போல இருப்பதால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வளர்ந்ததும் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போன்ற ஓர் உறுப்பை நீட்டி நெடியடிக்கும். பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய வேடிக்கை வேண்டாம். முட்டையிலிருந்து சிறகு முளைத்து வெளிவரக் கோடையில் ஏறக்குறைய ஒன்றரை மாதம் ஆகும்.

தகராறு ஆயாவோடுதான். கொழுந்தெல்லாம் ஓட்டையாகிவிட்டால் தாளிக்க எதைப் பறிப்பது? நியாயமான கேள்வி. கறிவேப்பிலை மரமே இதற்கு வழி காட்டுகிறது. அதன் வேரிலிருந்து சுற்றிலும் கன்றுகள் கிளம்பும். ஒன்றிரண்டைத் தோண்டி வடக்குச் சுவரோரம் புழுவுக்கென்றே வளர்த்துவிடுங்கள். சமையல் மரத்தில் புழுவைக் கண்டால் இலையோடு கிள்ளி அந்தக் கன்றில் விடலாம். ஆயாவுக்கும் நிம்மதி, புழுவுக்கும் சோறு. வளர்ந்த எலுமிச்சை மரத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம், அது தாங்கும்.

இடம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால், ஜூலு மொழியில் உம்நூகம்பீபா என்று அழைக்கிற கிளாசீனா அனிசாட்டா மரத்தை வையுங்கள். இதுவும் எலுமிச்சைக் குடும்பம்தான், இந்த மண்ணின் சொந்த மரம். பச்சைப் பட்டை போட்ட இன்னொரு ஸ்வாலோடெய்லும் இதைத் தேடி வரும்.

அடுத்து நான் கட்டாயம் சேர்ப்பது பலூன் பால்செடி. காற்றடைத்த பந்து போலக் காய்க்கும். கிள்ளினால் பால் வடியும். வெந்தய வரியன் என்கிற பட்டாம்பூச்சி முட்டையிடுவது இந்த வகைச் செடிகளில்தான். புழு அந்தப் பாலிலுள்ள நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடாது. தமிழ்நாட்டில் எருக்கஞ்செடியில் வளர்வதும் இதே இனம். 1860 நவம்பரில் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்து, அன்று போர்ட் நேட்டால் எனப்பட்ட டர்பனில் இறங்கியவர்கள், ஊரில் பார்த்த அதே ஆரஞ்சுச் சிறகை இங்கேயும் பார்த்திருக்க முடியும் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது. பால் கண்ணில் பட்டால் ஆபத்து. கிள்ளுகிற வேலையைப் பிள்ளைகளிடம் விட வேண்டாம்.

தேனுக்கு என்ன வைப்பது? பெண்டாஸ் நல்லது. செண்டுப்பூவும் ஆகும், ஆனால் பூசைக்கு நாம் விரும்புகிற அடர்ந்த இதழ்ப் பூவில் பூச்சிக்குத் தேன் எட்டாது. ஒற்றை அடுக்கு வகை வையுங்கள். மற்றப் பூக்கள் ஓய்ந்த குளிர்மாதங்களில் பூக்கிற ரிப்பன் புஷ் இந்த நாட்டுச் செடி, கண்டிப்பாக ஒரு புதர் வேண்டும். ஓரத்தில் தட்டில் ஈர மணல் வைத்தால் ஆண் பூச்சிகள் உப்பு உறிஞ்ச வரும்.

லண்டானா என்கிற உண்ணிச்செடி வேண்டாம். லண்டானாவில் பட்டாம்பூச்சி மொய்க்கிறது என்பது உண்மைதான். ஆனால் தென்னாப்பிரிக்காவின் 2004ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் அது 1பி வகை ஆக்கிரமிப்புச் செடி. நடவோ விற்கவோ கூடாது, இருப்பதைக் கட்டுப்படுத்தியாக வேண்டும். பறவைகள் பழத்தைத் தின்று காட்டுக்குள் விதைத்துவிடும். சில்வர்க்ளென் போன்ற காப்புக்காடுகள் நம் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கின்றன. நம் வேலியில் வைத்தது அங்கே போய் முளைத்தால், எந்தப் பூச்சிகளுக்காகத் தோட்டம் போட்டோமோ அவற்றின் செடிகளையே அது அமுக்கிவிடும்.

எந்த வீட்டுக்குத் தேவதைத் தோட்டம்

மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருப்பவர்களுக்குத் தயங்காமல் தேவதைத் தோட்டம்தான். தொட்டியைத் தூக்கிக்கொண்டே வீடு மாறலாம். முட்டி வலியால் குனிய முடியாத பெரியவர்களுக்கும், சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் மேசை உயரத்தில் வைத்த குட்டித் தோட்டம் தருகிற மகிழ்ச்சியைப் பட்டாம்பூச்சிப் புதர் தராது. மூன்று நாலு வயதுப் பிள்ளைக்கும் அதுவே. பொறுமையாகப் புழு பார்க்கிற வயது அதற்குப் பிறகுதான் வரும். பொம்மையை மட்டும் குறையுங்கள். மரப்பட்டை, சிப்பி, உடைந்த மண்சட்டி ஓடு ஆகியவற்றால் பிள்ளையே கட்டுகிற வீடு, கடை வீட்டைவிட நன்றாக இருக்கும்.

ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாக்காரர்களுக்குக் கணக்கு வேறு. அந்த மேட்டுநிலத்தில் உறைபனி விழும். கறிவேப்பிலை கருகும், அதைத் தொட்டியில் வைத்துக் குளிர்காலத்தில் உள்ளே எடுக்க வேண்டும். பதிலுக்கு, டிசம்பர், ஜனவரியில் வெள்ளைப் பட்டாம்பூச்சிகள் கூட்டம் கூட்டமாக வடகிழக்கே பறந்துபோகிற காட்சி அவர்களுக்குக் கிடைக்கும். அவற்றுக்கு வழியில் தேன் மட்டும் போதும். இலை கவலை இல்லாமல் பூக்களை நிறைத்துவிடலாம்.

செலவைப் பார்த்தால், பொம்மைகளை அடுக்கிய தேவதைத் தோட்டம்தான் காசு தின்னும். கறிவேப்பிலைக் கன்று வீட்டிலேயே இருக்கிறது. பால்செடி விதையிலேயே வரும். பெண்டாஸை அடுத்த வீட்டு அக்காவிடம் ஒரு குச்சி கேட்டாலே போதும்.

காசு கொடுத்துத்தான் வாங்குகிறீர்கள் என்றால் நர்சரியில் ஒன்று கேளுங்கள்: இந்தச் செடிக்கு வேர் வழியாக ஏறுகிற பூச்சி மருந்து போட்டிருக்கிறீர்களா? அந்த மருந்து இலையிலும் தேனிலும் தங்கும். புழு தின்றால் செத்துவிடும், வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது. சரியான பதில் கிடைக்காத செடியைத் தேவதைத் தொட்டிக்கு வாங்கலாம், புழுவுக்கு வாங்க வேண்டாம்.