மூன்று வருட மெருகுக்கல்: கல்லுக்குக் கும்பிடு, பூணுக்கு இல்லை

தங்க இதழைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் என் மெருகுக்கல்லில், கல்லை மரப்பிடியோடு பிடித்து நிறுத்தும் பித்தளை வளையம்தான் பூண். நேற்று மூன்றாவது முறையாக அந்தப் பூணை எபாக்சிப் பசை வைத்து ஒட்டினேன். பசை காய்வதற்குள் தோழியின் கேள்வி வந்தது: “தங்க இதழ் வேலைக்கு உன்னிடம் இருக்கிற அதே மெருகுக்கல்லை நானும் வாங்கலாமா?”

என்னுடையது நாய்ப்பல் வடிவ அகேட் கல். ஐரோப்பாவில் அந்தக் காலத்துச் சுவடிகளுக்குத் தங்கம் இட்டவர்கள் நிஜ நாய்ப்பல்லாலேயே தேய்த்திருக்கிறார்கள். அந்த வளைவு இன்றும் மாறவில்லை. கல்லில் குறை சொல்ல ஒன்றுமில்லை, மூன்று வருடத்தில் ஒரு கீறல் விழவில்லை.

நான் எழுதுவது யாளி எழுத்துகள். ‘யா’ என்றால் யகரத்தின் வளைவு யாளியின் உடம்பு, துணைக்கால் ஆயிரங்கால் மண்டபத்துக் கால், துதிக்கை அதைச் சுற்றிச் சுருளும். அந்தச் சுருளுக்குள் நுழைய இந்த வளைந்த முனையை விட்டால் வேறு வழியில்லை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், மீன் பசை, கொஞ்சம் சர்க்கரை சேர்த்த ஜெஸ்ஸோவால் மேடு கட்டிக் காயவைக்க வேண்டும். அப்புறம் காகிதக் குழல் வழியாக மூச்சு விட்டால் சர்க்கரை அந்த ஈரத்தை இழுத்துக்கொண்டு ஒட்டும் பதத்துக்கு வரும். தஞ்சாவூர் ஓவியத்திலும் மக்கு என்னும் சுண்ணப்பொடிப் பசையால் மேடு கட்டித்தான் தங்க ரேக்கு ஒட்டுகிறார்கள், ஆனால் அந்த ரேக்கு கனமானது. இந்த இதழ் மூச்சுக் காற்றுக்கே பறந்துவிடும். ஒட்ட வைப்பதும் மூச்சு, பறக்க வைப்பதும் மூச்சு! மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க உட்கார வேண்டும்.

இதழை ஒட்டிக் கால் மணி நேரம் கழித்துக் கல்லைப் பட்டுத்துணியில் தேய்த்துச் சூடேற்றி, மெதுவாக இழுத்தால் முதலில் மங்கலாகத்தான் இருக்கும். நாலைந்து இழுப்பில் திடீரென்று கண்ணாடிபோல் ஒளி வரும். இத்தனை முறை பார்த்தும் எனக்கு இன்னும் மெய்சிலிர்க்கிறது.

அந்த நேரத்தில்தான் பூண் ஆடும். நூலளவு ஆட்டம்தான், அது போதும். முனை சரிந்து தங்கத்தைக் கிழித்து அடியிலிருக்கும் வெள்ளையைக் காட்டிவிடும். போன வாரம் யாளியின் கண் போயிற்று, இரண்டு நாள் வேலை.

விற்றவர்களிடம் கேட்டால் கடற்கரை ஊரின் ஈரம், மரப்பிடி உப்பிச் சுருங்குகிறது என்கிறார்கள். சரி, அதில் நியாயம் உண்டு. சென்னையில் அலமாரிக் கதவே மழைக்காலத்தில் மூட மறுக்கிறது. ஆனால் இத்தனை அருமையான கல்லைத் தேடிப் பொறுக்கியவர்கள், அதைப் பிடித்து நிறுத்தும் பூணை ஏன் இப்படி விட்டார்கள்? இதுதான் எனக்கு ஆறவில்லை.

தோழிக்குச் சொன்னது இதுதான். வாங்காதே. முதலில் வீட்டுக்கு வா, என் கல்லையே தருகிறேன், ஒரு எழுத்து போட்டுப் பார். பிடியை நம்பாமல், விரலைக் கல்லின் அடியிலேயே வைத்துத் தேய்.