டேட்டாபேஸ் மாற்றித் தருகிறோம் என்று வந்து 86,000 ராண்டு வாங்கிப் போனார்கள்: டர்பன் பக்கம் கடை நடத்துபவர்கள் கவனிக்கவும்

86,000 ராண்டு. ஒரு சென்ட் கூடத் திரும்பாது என்று இன்று காலை மின்னஞ்சல் வந்துவிட்டது. கோபம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மாரிட்ஸ்பர்க் பக்கம் இணையக் கடை நடத்தும் நம் ஆட்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். டேட்டாபேஸை, அதாவது ஆர்டர், இருப்பு, வாடிக்கையாளர் விவரம் எல்லாம் சேமித்து வைக்கும் மென்பொருளை, எப்படித் தேர்ந்தெடுப்பது என்றும் கடைசியில் சொல்கிறேன்.

நிறுவனத்தின் பெயரைப் போட மாட்டேன். வளர்ந்து வரும் வலைத்தளங்களுக்கு டேட்டாபேஸ் தேர்வு செய்து, மாற்றிக் கொடுத்து, மாத வாடகைக்குப் பராமரிக்கும் வகை நிறுவனம். அவ்வளவு போதும்.

எங்களுடையது பூஜைச் சாமானும் மளிகையும் விற்கும் கடை. தளத்தை எழுதியது என் தம்பி. போஸ்ட்கிரெஸ் என்ற இலவச டேட்டாபேஸ், ஜொகன்னஸ்பர்க்கில் வாடகை சர்வர். வருடக்கணக்காக ஒழுங்காக ஓடியது. ஆர்டர் பெருகப் பெருக, போன தீபாவளிக் கூட்டத்தில் 'என் ஆர்டர்கள்' பக்கம் திறக்க எட்டு ஒன்பது விநாடி ஆனது. சிலருக்கு இணைப்பே கிடைக்கவில்லை. தைப்பூசக் காவடிக்கு முன்னால் இதைச் சரிசெய்தே ஆக வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தபோதுதான் இவர்கள் வந்தார்கள்.

வந்தவன் நேராகக் கடைக்கே வந்தான். "வணக்கம் அக்கா" என்று தமிழில் ஆரம்பித்தான். நம் முன்னோர் கப்பலில் கூலி வேலைக்கு வந்தவர்கள், அதனால் உள்ளே உட்கார்ந்திருந்த அம்மா வழக்கம்போல, "உங்க ஆளுங்க எந்தக் கப்பல்ல வந்தாங்கப்பா?" என்று கேட்டார். "ட்ரூரோ கப்பல் அவ்வா. 1860-ல மதராஸ்ல இருந்து வந்தவங்க" என்றான். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. முறுக்கும் டீயும் கொடுத்து உபசரித்தோம். அம்மா கொடுத்த விபூதியைப் பூசிக்கொண்டு, தம்பியின் தோளில் கைபோட்டு, "அண்ணா, இனி இது எங்க கவலை" என்று சொன்னானே, அந்த ஒரு வார்த்தைக்குத்தான் 86,000 ராண்டு.

அப்புறம் சொன்னான்: "அக்கா, போஸ்ட்கிரெஸ் சின்னக் கடைக்குச் சரி. நீங்க வளர்ந்துட்டீங்க, இனிமே அது தாங்காது."

இது முழுப் பொய். கோடிக்கணக்கானவர்கள் பயன்படுத்தும் இன்ஸ்டாகிராம் போஸ்ட்கிரெஸை வைத்து வளர்ந்தது. விக்கிப்பீடியா அதே ரகமான மரியாடிபி டேட்டாபேஸில் ஓடுகிறது. ஒரு மளிகைக் கடையின் ஆர்டர்களை போஸ்ட்கிரெஸ் தாங்காதாம்!

சோதனை, இடமாற்றம், மூன்று மாதப் பராமரிப்பு எல்லாம் சேர்த்து 86,000 ராண்டு, முழுவதும் முன்பணம். கட்டினோம். வண்ண வண்ண வரைபடங்களோடு தடியாக ஒரு சோதனை அறிக்கை வந்தது. அதன் நடுப்பகுதியில், எங்கள் டேட்டாபேஸில் மெதுவாக இருக்கும் டேபிள் (தரவு வைக்கும் அட்டவணை) என்று 'நோயாளிகள்' என்ற டேபிளைக் காட்டியிருக்கிறார்கள். நாங்கள் விற்பது கற்பூரமும் சாம்பிராணியும். எங்களிடம் நோயாளிகள் டேபிள் எங்கிருந்து வந்தது? ஏதோ கிளினிக்குக்கு எழுதிய அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றி எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். எங்கள் டேட்டாபேஸை அவர்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை.

மாற்றிய பிறகு தளம் இன்னும் மோசமானது. அவர்கள் கொடுத்தது அவர்களே கட்டி வாடகைக்கு விடும் ஆவண வகை டேட்டாபேஸ், அதாவது அட்டவணைக்குப் பதில் ஒவ்வொரு பதிவையும் தனி ஆவணமாக வைப்பது. கேப் டவுனில் இருக்கிறது என்று எழுதியே கொடுத்தார்கள். தம்பி சோதித்தால் சர்வர் ஐரோப்பாவில்! தளம் டேட்டாபேஸிடம் தரவு கேட்டு அனுப்பும் ஒரு கேள்வி போய்த் திரும்ப ஏறக்குறைய 170 மில்லிவிநாடி. ஒரு பக்கத்துக்கு இருபது கேள்வி ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் வழியிலேயே மூன்று விநாடிக்கு மேல் போய்விடுகிறது. நம் வாடிக்கையாளர்களின் பெயரும் முகவரியும் வேறு நாட்டில் கிடக்கின்றன. தனியுரிமைச் சட்டமான போப்பியா 2021 ஜூலையிலிருந்து முழுமையாக அமலில் இருக்கும் நாட்டில் இது சின்ன விஷயமா?

காவடி வாரம்தான் உச்சம். கடைசியாக இருந்த ஒரே பித்தளைக் குத்துவிளக்கு இரண்டு பேருக்கு விற்றுப்போனது. இருப்பைக் குறைப்பதையும் ஆர்டரைப் பதிவதையும் ஒரே பரிவர்த்தனையாக, அதாவது நடந்தால் இரண்டும் நடக்கும், இல்லையென்றால் இரண்டும் நடக்காது என்கிற மாதிரி, அவர்கள் எழுதவில்லை. ஆவண வகை என்றாலே இப்படித்தான் என்று நினைக்காதீர்கள். மோங்கோடிபி என்ற பிரபலமான ஆவண வகை டேட்டாபேஸில்கூட 2018-லிருந்து பல ஆவணங்களுக்குச் சேர்த்துப் பரிவர்த்தனை செய்யலாம். இவர்கள் கொடுத்ததில் அது இல்லை. விரதம் இருந்து காவடி எடுக்கிறவர்களிடம் "சாமான் இல்லை" என்று ஃபோன் போட்டுச் சொன்னது நாங்கள், அவர்கள் இல்லை.

புகார் சொன்னால் என்ன பதில் தெரியுமா? முதலில் "இஞ்சினியர் லீவு." அப்புறம் "உங்க தம்பி எழுதின புரோகிராம்தான் பிரச்சினை." அப்புறம் "பெரிய பிளானுக்கு மாறுங்க." நான் அனுப்பிய புகார்கள் எல்லாம் 'தீர்க்கப்பட்டது' என்று தானாக மூடிக்கொண்டன. அக்கா என்று கூப்பிட்டவன் இப்போது ஃபோனையே எடுப்பதில்லை. எங்கள் தரவைத் திருப்பிக் கேட்டதற்கு அதற்குத் தனிக் கட்டணம். கட்டி வாங்கினால், தமிழில் எழுதியிருந்த பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாக வந்திருக்கின்றன. 86,000-ஐத் திருப்பிக் கொடு என்றால் "கோர்ட்டுக்குப் போங்க" என்கிறார்கள். சிறு வழக்கு நீதிமன்றத்தில் 20,000 ராண்டுக்கு மேல் கேட்க முடியாது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கடைசியில் மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் தம்பியின் நண்பன் வந்து பழைய போஸ்ட்கிரெஸ் பேக்கப்பை ஏற்றி, ஒரு கேள்வி உள்ளே எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் கட்டளையை ஓட்டிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் ஆர்டர் டேபிளை மேலிருந்து கீழ்வரை முழுக்கப் படித்துக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் எண்ணுக்கு இண்டெக்ஸ், அதாவது புத்தகத்தின் பின்னால் இருப்பது போன்ற தேடல் பட்டியல், இல்லை. ஒரு டேபிளை இன்னொன்றோடு இணைக்கும் ஃபாரின் கீ வைத்தால், மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் இன்னோடிபி என்ற சேமிப்புப் பகுதி தானே இண்டெக்ஸ் போட்டுக்கொள்ளும், போஸ்ட்கிரெஸ் போடாது. டேட்டாபேஸ் சோதனை என்று காசு வாங்குகிறவன் முதலில் பார்க்க வேண்டிய இடமே அதுதான். இண்டெக்ஸ் போட ஒரு வரிக் கட்டளை, பக்கம் ஒரு நொடிக்குள் திறந்தது. இணைப்பு கிடைக்காததற்குக் காரணம், போஸ்ட்கிரெஸ் வழக்கமாக ஒரே நேரத்தில் 100 இணைப்புக்கு மேல் விடாது. முன்னால், இருக்கும் இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சர் என்ற மென்பொருளை வைத்ததும் அதுவும் தீர்ந்தது. இரண்டுமே இலவசம். இதை மறைத்துத்தான் 86,000 ராண்டு வாங்கியிருக்கிறார்கள்!

தேர்வு பற்றி விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. குழம்பிக் கிடக்கும் ஆர்டர்களைத் தம்பியும் நானும் கையால் சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம். அதனால் சுருக்கமாக: பணம், இருப்பு, ஆர்டர் சம்பந்தப்பட்ட கடைக்கு போஸ்ட்கிரெஸோ மைஎஸ்கியூஎல்லோ தாராளமாகப் போதும். மாற்று என்று யாராவது சொன்னால், எந்தக் கேள்வி மெதுவாக ஓடுகிறது என்று உங்கள் டேட்டாபேஸிலேயே காட்டச் சொல்லுங்கள். சர்வர் எங்கே இருக்கிறது என்று நீங்களே சோதியுங்கள். தரவை எந்த வடிவத்தில் திருப்பித் தருவார்கள் என்று, தமிழ்ப் பெயர்களையும் சேர்த்து, ஒரு மாதிரி வாங்கிப் பாருங்கள். பழைய பேக்கப்பை அழிக்கவே அழிக்காதீர்கள். முழுப் பணத்தையும் முன்னால் கேட்டால் அப்போதே வாசலைக் காட்டிவிடுங்கள், எந்தக் கப்பலில் வந்தவனாக இருந்தாலும்.