காய்கறிப் பூச்சிமருந்து சோதனை அட்டை: நீலம் வந்தும் நிம்மதி இல்லை

காயில் பூச்சிமருந்து மிச்சமிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அட்டை விலை இறங்கியிருக்கிறதே, காய்கறிக் கடைக்கு வாங்கிப் போடலாமா என்று நண்பர் கேட்டார். அட்டையில் இரண்டு வட்டுகள்: வெள்ளை வட்டில் கோலினெஸ்டரேஸ் என்ற நொதி (சில பூச்சிமருந்துகள் முடக்குவது இதைத்தான்), சிவப்பு வட்டில் நிறம் தரும் பொருள். நொதி வேலை செய்தால் வெள்ளை நீலமாகும், மருந்து அதை முடக்கினால் ஆகாது. இதெல்லாம் அவருக்கே தெரியும்.

செய்முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 5 கிராம் கீரையை ஒரு செ.மீ. துண்டுகளாக நறுக்கி, 10 மி.லி. பஃபரில் (அமில-காரத் தன்மை மாறாமல் வைக்கும் கரைசல்) போட்டு 50 முறை குலுக்கி, 2 நிமிடம் தெளியவிட்டு, 2–3 சொட்டு வெள்ளை வட்டில் விடவேண்டும். 37 டிகிரியில் 10 நிமிடம், வட்டு காயாமல். பிறகு இரு வட்டும் ஒட்டும்படி அட்டையை மடித்து 3 நிமிடம் விரலால் அழுத்திப் பிடித்தால் போதும். மோனோகுரோட்டோபாஸ், கார்போபியூரான் போன்ற பூச்சிமருந்துகளைத் தாராளமாக அடித்த காயைக் கால் மணி நேரத்தில் காட்டிக்கொடுத்துவிடும். கடையில் வைத்தே இவ்வளவு செய்கிற பொருள் அபூர்வம்.

ஆனால் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து விஷயத்தில் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அதன் மூலக்கூறில் பாஸ்பரஸுடன் இரட்டைப் பிணைப்பில் இருப்பது கந்தகம். உடம்புக்குள் போனால் கல்லீரல் அந்தக் கந்தகத்தை எடுத்துவிட்டு ஆக்சிஜனை வைக்கும். அதற்குப் பிறகுதான் அது நொதியைப் பலமாகப் பிடிக்கும். அட்டையில் அந்த மாற்றம் நடப்பதில்லை, அதனால் மருந்து இருந்தும் நீலம் வரும். புரோமின் நீரால் ஆக்சிஜனேற்றம் செய்து பார்க்கலாம், அது ஆய்வகத்து வேலை. சைபர்மெத்ரின், இமிடாகுளோபிரிட் என்ற வேறு வகை மருந்துகளோ இந்த நொதியின் பக்கமே போவதில்லை. பெட்டியிலோ ‘நீலம் என்றால் பாதுகாப்பானது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்! நொதியை நேரடியாக முடக்கும் டைகுளோர்வாஸுக்கே கிலோவுக்குச் சுமார் 0.3 மி.கி. இருந்தால்தான் அட்டை அசையும். தனி வரம்பு வகுக்கப்படாத மருந்துகளுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) அனுமதிப்பது கிலோவுக்கு 0.01 மி.கி.

பூண்டு, வெங்காயம், முள்ளங்கி எதிர்ப்பக்கம் ஏமாற்றும். அவற்றின் சாறே நொதியை முடக்குவதால் மருந்தே அடிக்காத காயும் மாட்டிக்கொள்ளும். இவற்றை நறுக்காமல் முழுசாகப் பஃபரில் அலசி, அந்தக் கரைசலைச் சோதியுங்கள்.

என் முடிவு: கடைக்கு வேண்டாம். அந்த நீலத்தை வாடிக்கையாளரிடம் சான்றிதழ் மாதிரி நீட்டத் தோன்றும். கொள்முதலில் மோசமான மூட்டையைத் தள்ளிவைக்க மட்டும் என்றால் வாங்குங்கள். பாக்கெட்டை ஃபிரிட்ஜில் வைத்து, ஒவ்வொரு முறையும் ஓர் அட்டையில் வெறும் பஃபர் விட்டுப் பாருங்கள். குளிர் நாளென்றால் அது நன்றாக நீலமாகும்வரை நேரத்தைக் கூட்டுங்கள். அப்படியும் வெளிறியே இருந்தால் நொதி செத்துவிட்டது, அந்தப் பாக்கெட்டைத் தூக்கிப் போடுங்கள்.