ஜூன் 6: ஜீப்பா, கல்லறையா?

இரண்டாம் உலகப்போரில், 1944 ஜூன் 6 அன்று, ஜெர்மனிக்கு எதிரான நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டி கடற்கரையில் இறங்கின. அந்தத் தரையிறக்க நினைவுநாளில் பிரான்சுக்குப் போனால் இரண்டு வழி உண்டு.

ஒன்று, சாந்த்-மேர்-எக்லீஸ் ஊர்த் திருவிழா. 1944இல் ஜான் ஸ்டீல் என்ற அமெரிக்க வீரரின் பாராசூட் இங்குள்ள தேவாலயத்தில் மாட்டிக்கொண்டது. செத்தவர்போல் நடித்துத் தொங்கினார். அவரைப்போல ஒரு பொம்மை இன்றும் அங்கே தொங்குகிறது. கீழே பழைய சீருடை போட்டவர்கள், ஜீப்புகள், இசை, கூட்டம். பிள்ளைகளுக்கு வரலாறு கண்ணில் ஒட்டும். பாடப்புத்தகத்தால் அது ஆகாது. ஆனால் கசங்காத சட்டையும் தொப்பையுமாக ஐம்பது வயதுக்காரர் வீரனாக நிற்பது எனக்கு உறுத்துகிறது. அன்று போருக்குப் போனவர்களோ இருபது வயதுப் பையன்கள். குண்டுவீச்சிலும் சண்டையிலும் மாண்ட ஏறத்தாழ 20,000 நார்மண்டி மக்களின் வேடத்தை யாரும் போடுவதில்லை.

மற்றது, பாயே ஊரிலுள்ள போர்க் கல்லறை. பெரும்பாலும் பிரிட்டிஷ் வீரர்கள், 4,000க்கு மேல் கல்லறைகள். எதிரிகளாயிருந்த ஜெர்மானியர்களும் அங்கேயே கிடக்கிறார்கள். பல கற்களில் குடும்பத்தார் தேர்ந்த ஒரு வரி. சத்தமில்லை. பிள்ளைகள் அரைமணியில் சலித்துவிடுவார்கள், அது வேறு.

ஒரே நாள்தான் கையில் என்றால் பாயேதான். இரண்டு நாள் இருந்தால் திருவிழாவுக்கும் போவேன், ஜீப்பில் ஏறமாட்டேன்.