எல்.ஓ.டி. 300 போதுமா, 350 வேண்டுமா?

கட்டடத்தின் முப்பரிமாண டிஜிட்டல் மாடலில் (பிம்) ஒரு பாகம் எந்த அளவுக்கு உறுதியாகியிருக்கிறது என்று சொல்லும் படிதான் எல்.ஓ.டி. (Level of Development). "மாடல் முழுக்க எல்.ஓ.டி. 300" என்று ஒப்பந்தத்தில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பிறகு சைட்டில் டக்ட் (ஏ.சி. காற்றுக் குழாய்) ஏறாதபோதுதான் யார் பொறுப்பு என்ற வாக்குவாதம் தொடங்குகிறது.

அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகம் 2008-ல் வகுத்த படிகளில் 100, 200, 300, 400, 500 மட்டுமே உண்டு. 350-ஐ 2013-ல் சேர்த்தது பிம்ஃபோரம் என்ற அமெரிக்கத் துறை அமைப்பு. 300-ல் ஒரு பாகத்தின் அளவும் இடமும் உறுதியாகின்றன. 350-ல் அது பக்கத்துப் பாகத்தோடு எப்படி இணைகிறது, எதில் தொங்குகிறது என்பதும் மாடலில் வரவேண்டும்.

ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே 400 மி.மீ. இடைவெளி இருக்கிறது என்று வையுங்கள். டக்ட் உயரம் 300, இருபுறமும் 25 மி.மீ. இன்சுலேஷன், மொத்தம் 350. எல்.ஓ.டி. 300 மாடலில் 50 மி.மீ. மிச்சம், கிளாஷ் (பாகங்கள் ஒன்றோடொன்று இடிப்பது) இல்லை. எல்.ஓ.டி. 350-ல் மேலே ஃப்ளேஞ்சுக்கு (டக்ட் துண்டுகளை இணைக்கும் விளிம்பு) 30, கீழே தாங்கும் சேனலுக்கு 41 கூடி 421 ஆகிவிடும். 21 மி.மீ. இடிக்கிறது. எல்.ஓ.டி. 300-லும் ஹேங்கருக்கு (டக்டைத் தொங்கவிடும் தாங்கி) தோராயமாக இடம் ஒதுக்கச் சொல்கிறார்கள். ஆனால் வரையாத பொருளைக் கிளாஷ் டெஸ்ட் பிடிக்காது. கையில் 300 மட்டும்தான் என்றால் நேரடியாக இடிப்பதை மட்டும் காட்டும் ஹார்டு கிளாஷை நம்பாமல், இடைவெளி 75 மி.மீ.-க்குக் குறைந்தாலே காட்டும் கிளியரன்ஸ் டெஸ்ட் ஓட்டுங்கள்.

அதற்காக எல்லாவற்றுக்கும் 350 கேட்பதும் தவறு. ஹேங்கர் எங்கே, எத்தனை மீட்டருக்கு ஒன்று என்பது வேலை எடுக்கும் ஒப்பந்ததாரருக்குத்தான் தெரியும். டிசைன் கன்சல்டன்டிடம் கேட்டால் ஊகித்துத்தான் வரைவார். நெரிசலான காரிடார், ஷாஃப்ட், பிளான்ட் ரூம் ஆகியவற்றுக்கு 350 கட்டாயம். திறந்த கார் பார்க்கிங்குக்குப் பெரும்பாலும் 300 போதும். 400 ஃபேப்ரிகேஷனுக்கானது, ஒருங்கிணைப்புக்குத் தேவையில்லை.

நுணுக்கமாக வரைந்திருப்பதாலேயே படி உயர்ந்துவிடாது. கம்பெனி தளத்திலிருந்து இறக்கிய பம்ப் ஃபேமிலியில் (தயார்நிலை 3டி வடிவம்) போல்ட் வரை தெரியும். ஆனால் அந்தப் பம்ப் இன்னும் தேர்வாகாவிட்டால் அது தோராய நிலையான 200-தான். ஃபைல் கனப்பதுதான் மிச்சம்.

பிரிட்டனின் பழைய தரநிலையான பி.ஏ.எஸ். 1192-2 எல்.ஓ.டி. என்ற இதே எழுத்துகளை வடிவ நுணுக்கத்துக்கு வைத்திருந்தது, தகவலுக்கு எல்.ஓ.ஐ. தனி. எனவே எந்த ஆவணத்தின்படி, எந்த ஆண்டுப் பதிப்பு என்பதை எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பிம் தகவல் மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 19650 வழியில் போனால் எண்ணே கிடையாது: வடிவம், தரவு, ஆவணம் மூன்றையும் நோக்கத்துக்கேற்பத் தனித்தனியே கேட்க வேண்டும். துல்லியமான வழி அதுதான், எழுதும் உழைப்பும் அதிகம். அதற்கு நேரமில்லை என்றால் பாகவாரி அட்டவணையாவது போடுங்கள்: பாகம், கட்டம், படி, வரைபவர்.