பழைய ஸ்டுடியோ கேமராவைப் புதுப்பிக்கக் கொடுக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

கருப்புத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு படமெடுக்கும் அந்தக் காலத்துப் பெரிய மரக் கேமரா, ஸ்டாண்டோடு யார் வீட்டிலாவது இருந்து, அதைப் பழைய பொருட்களைப் புதுப்பிக்கும் பட்டறை எதிலாவது கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தால், முதலில் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் கேமரா கெட்டுப்போய்த் திரும்பி வந்தது. ஸ்டாண்ட் வரவே இல்லை. அதற்குப் பதில் வேறொன்றைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள்.

எங்களுடையது வாகீஸ்வரி. ஆலப்புழையில் கருணாகரன் 1940களில் செய்யத் தொடங்கிய கேமரா. வாத்தியங்கள் பழுதுபார்க்கிற குடும்பம் அது, ஒரு ஸ்டுடியோக்காரர் கேமராவின் துருத்தியை, அதாவது லென்ஸுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் மடிந்து நீளும் தோல் உறையை, சரிசெய்யக் கொண்டுவந்ததில் ஆரம்பித்த தொழில் என்பார்கள். தேக்குப் பெட்டி, பித்தளைச் சாமான்கள். அப்பாவின் ஸ்டுடியோவில் ஊரில் பாதிப் பேரின் கல்யாணப் படம் இதில்தான் எடுத்தது. படம் பதியும் தகட்டின் அளவு ஃபுல் பிளேட், அதாவது 8½ × 6½ அங்குலம். துருத்தியின் மடிப்பு மூலைகளில் ஊசித்துளை விழுந்திருந்தது, ஸ்டாண்டில் ஒரு சக்கரம் சிக்கியிருந்தது, பாலிஷ் மங்கியிருந்தது. வேலை அவ்வளவுதான்.

பட்டறைக்காரர் பளபளவென்று நிற்கிற கேமராக்களின் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி 28,000 ரூபாய் கேட்டார், பாதி முன்பணம் கொடுத்தோம். லென்ஸை மட்டும் அப்பா கழற்றி வைத்துக்கொண்டார், எவ்வளவு கேட்டும் தரவில்லை. அவர் அப்படிச் செய்ததால்தான் இன்று அதுவாவது மிச்சம். ஒரு மாதம் என்றது இழுத்துக்கொண்டே போனது, போன் செய்தால் "பாலிஷ் காயுது சார்" என்பார்.

வந்ததைப் பிரித்ததும் அப்பா ஸ்டாண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது நம்முடையது இல்லை என்றார். பழையதை இரண்டு பேர் சேர்ந்துதான் நகர்த்த முடியும். கைப்பிடியைச் சுற்றினால் பல்சக்கரம் இரும்புப் பல்பட்டையில் ஏறி, கேமராவோடு மேல்பலகை மெதுவாக உயரும். குழந்தையைப் படமெடுக்க இறக்குவதும் உயரமான மாப்பிள்ளைக்கு ஏற்றுவதும் ஒரே ஆள், ஒரு கையால். வந்திருப்பதில் பல்சக்கரமே கிடையாது, வரிசையாக ஓட்டை போட்டு போல்ட் மாட்டியிருக்கிறார்கள். மரம் ஏதோ மட்டமான மரம், தேக்கு நிறச் சாயம் பூசியது, ஒரு காலின் அடியில் சாயம் படாமல் வெளேரென்று தெரிகிறது. வார்ப்பிரும்புச் சக்கரம் இருந்த இடத்தில் தள்ளுவண்டிக்குப் போடும் நைலான் சக்கரம். பழைய தேக்கு ஸ்டாண்டுக்கு இப்போது நல்ல விலை, மேலே விளக்கு பொருத்தி ரிசார்ட்டுகளுக்கும் காபிக் கடைகளுக்கும் விற்கிறார்கள். எங்களுடையதும் அப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

கேமராவுக்கு வருகிறேன். துருத்திக்கு மெல்லிய தோலின் அடிப்பக்கத்தைச் சீவி, உள்ளே கருப்புத் துணி வைத்து, இரண்டுக்கும் நடுவில் ஒவ்வொரு மடிப்புக்கும் தனித்தனி அட்டைப் பட்டை ஒட்ட வேண்டும். அப்போதுதான் மூடும்போது சின்னதாக அடங்கும். இவர்கள் சோபாவுக்குப் போடும் ரெக்சினில் தைத்திருக்கிறார்கள். கேமரா மூடவே மாட்டேன் என்கிறது, திறந்து நீட்டினால் லென்ஸ் மாட்டும் முன்பலகையைப் பின்னால் இழுக்கிறது. இருட்டறையில் உள்ளே டார்ச் வைத்துப் பார்த்தால் தையல் ஓட்டை ஒவ்வொன்றும் நட்சத்திரம் மாதிரி மின்னுகிறது.

எனக்கு ரொம்பக் கோபம் வந்தது கிரவுண்ட் கிளாஸைப் பார்த்துத்தான். பிம்பத்தைப் பார்த்து ஃபோகஸ் செய்ய கேமராவின் பின்பக்கம் இருக்கும் சொரசொரப்புக் கண்ணாடி அது. பழைய கண்ணாடியை எடுத்துவிட்டு ஜன்னலுக்குப் போடும் 3 மி.மீ. சொரசொரப்புக் கண்ணாடியை வைத்திருக்கிறார்கள், அதையும் திருப்பி! சொரசொரப்பான பக்கம் லென்ஸைப் பார்த்து, பிலிம் நிற்கும் அதே தூரத்தில் இருக்க வேண்டும். திருப்பி வைத்தால் கண்ணில் ஃபோகஸ் செய்தால் காது தெளிவாக வரும், கண் கலங்கிவிடும். எக்ஸ்ரே பிலிமை வெட்டிப் போட்டு அப்பாவையே உட்காரவைத்து எடுத்துப் பார்த்தேன், அப்படியேதான் வந்தது. மரத்தை மெஷினில் தேய்த்து மெலமைன் பாலிஷ் அடித்ததில், பிலிம் வைக்கும் சட்டமான பிளேட் ஹோல்டர் உட்காரும் காடி தேய்ந்துபோய் அது ஆடுகிறது, அந்த இடுக்கில் வெளிச்சம் வேறு புகுகிறது. அரக்கு பாலிஷாக இருந்தால் ஸ்பிரிட் தொட்ட துணியிலேயே சரிசெய்திருக்கலாம்.

போய்க் கேட்டதற்கு அந்த ஆள் சொன்னது: "ஷோவுக்குத்தானே சார் வைக்கப் போறீங்க, இதுல யாரு இப்ப போட்டோ எடுக்குறா?" ஸ்டாண்ட் விஷயத்தில் "நீங்க கொடுத்ததே இதுதான்" என்றே சாதித்தார். கொடுப்பதற்கு முன் நான் எடுத்த படங்களைக் காட்டிய பிறகு போனை எடுப்பதே இல்லை.

அதனால் கொடுக்கிறவர்கள் தயவுசெய்து லென்ஸைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், அதன் வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டின் பல்சக்கரம், சக்கரங்கள், காலின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் நாள் தெரிகிற மாதிரி படமெடுங்கள். கழற்றும் பழைய பாகம் ஒவ்வொன்றையும் திருப்பித் தர வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். கேமராவைப் பார்த்ததும் பித்தளையைப் பற்றியும் பாலிஷைப் பற்றியும் மட்டுமே பேசுகிறவரிடம் கொடுக்காதீர்கள். இதில் படம் எடுப்பீர்களா என்று கேட்கிறவர் வேண்டும். துருத்தி வேலைக்கு ஆர்மோனியம் பழுதுபார்ப்பவர்களையும் விசாரித்துப் பாருங்கள், எனக்கு இப்போது அப்படி ஒருவர்தான் தோலில் புதிதாகச் செய்து கொடுக்கிறார்.

ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம் உண்டு, கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. நானும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஸ்டாண்டுக்கு அடையாளம் இருக்கிறது. வலது முன்காலின் உட்பக்கம், தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில் 1958 என்று உளியால் கொத்தியிருக்கும், கைப்பிடியின் மரக்குமிழ் ஓரத்தில் உடைந்திருக்கும். பழைய பொருள் கடையிலோ ஏதாவது ஹோட்டல் வரவேற்பறையில் விளக்குக்கு அடியிலோ பார்த்தால் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். விலை கொடுத்தாவது வாங்கிக்கொள்கிறோம்.