மீட்டர் சோதனைப் பதிவு: ரிஜிஸ்டரா, எக்செலா, பெஞ்ச் மென்பொருளா?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்து வளவு வீடுகளில் முகப்புச் சுவரில் ஒரே பலகையில் மூன்று நான்கு மீட்டர்கள் இருக்கும். பங்காளிக்கு ஒன்று, இணைப்போ இன்னும் பாட்டனார் பேரில். வருஷம் பூராவும் பூட்டிக் கிடக்கிற வீடு, முன்னோருக்கான படைப்புக்கோ கல்யாணத்துக்கோ திறந்தால் நாலு நாள் ஏ.சி.யும் மோட்டாரும் சீரியல் விளக்குமாக ஓடும். அடுத்த பில் வந்ததும் சென்னையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வீட்டுக்காரர், "மீட்டர் தப்பா ஓடுது, சோதிச்சுப் பாருங்க" என்பார். அப்போது பேச வேண்டியது பழைய சோதனைப் பதிவு. அது சரியாக இல்லையென்றால் அவருக்கும் நியாயம் கிடைக்காது, மின்வாரியத்துக்கும் கிடைக்காது.

மத்திய மின்சார ஆணையத்தின் 2006 மீட்டர் ஒழுங்குமுறைகள் இரண்டு விஷயத்தைக் கேட்கின்றன. நுகர்வோர் மீட்டரை 5 ஆண்டுக்கு ஒரு முறையாவது சோதிக்க வேண்டும். மீட்டரின் சுருக்க வரலாறு, பொருத்திய தேதி, சோதனை, அளவுத்திருத்தம், மாற்றிய விவரம் எல்லாவற்றையும் உரிமதாரர், அதாவது மின் விநியோகம் செய்யும் நிறுவனம், பேண வேண்டும். நடைமுறையில் இதற்கு மூன்று வழிகள் புழங்குகின்றன: பைண்டு செய்த ரிஜிஸ்டர், எக்செல் தாள், சோதனை பெஞ்சோடு (லேப்பில் பல மீட்டர்களை வரிசையாக மாட்டிச் சோதிக்கும் கருவி) வரும் மென்பொருள். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். களச் சோதனைக்கு ரிஜிஸ்டர்தான் மூலப்பதிவு. லேப் சோதனைக்கு பெஞ்ச் கோப்புதான் மூலம். எக்செல் தேடுவதற்கான அட்டவணை மட்டும்; அதை மூலமாக வைக்கவே கூடாது.

ரிஜிஸ்டரின் பலம், எழுதியதை அழித்தால் தடம் தெரியும் என்பது. பக்க எண் அச்சிட்ட, கார்பன் நகலோடு கூடிய புத்தகம் வேண்டும்; உதிரித் தாள் உதவாது. தப்பாக எழுதினால் ஒரே கோடு அடித்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். வெள்ளை மை பூசிய ஒரு வரி போதும், விசாரணையில் அந்தப் பக்கத்தையே யாரும் நம்பமாட்டார்கள். சீல் எண்ணுக்கு 'மேற்படி' குறி போடுவதும் அதே ரகம். இரண்டு மீட்டரில் ஒரே சீல் எண் இருக்க முடியாது.

பலவீனம் தேடுவதில்தான். ஒரு மீட்டரின் பத்து வருஷ வரலாற்றை எடுக்க அலமாரியையே கவிழ்க்க வேண்டியிருக்கும். ஐப்பசி ஈரம், கரையான் பயம் தனி. கையடக்கச் சோதனைக் கருவி தருகிற வெப்பத்தாள் சீட்டை அப்படியே ஒட்டி வைப்பவர்கள் உண்டு. இந்த வெயிலில் அது மங்கிப் போகும். அன்றைக்கே நகல் எடுத்து, நகலையும் சேர்த்து ஒட்டுங்கள்.

எக்செல் எல்லோருக்கும் கைவந்தது. ஆபத்தும் அதில்தான் அதிகம். 00 என்று தொடங்கும் மீட்டர் வரிசை எண்ணை அடித்தால் முன்னால் உள்ள பூஜ்ஜியங்கள் காணாமல் போகும். 12 இலக்க இணைப்பு எண் 'இ' போட்ட அடுக்குக்குறி வடிவத்துக்கு மாறி நிற்கும். எழுத்தும் எண்ணும் கலந்த சீல் எண்ணைக் கீழே இழுத்தால் தானாக ஒன்று ஒன்றாகக் கூடும். ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால் ஒருவர் மீட்டரின் பிழைச் சதவீதம் இன்னொருவர் பெயருக்கு நேராகப் போய் உட்காரும், பார்வைக்கு எந்த அறிகுறியும் இருக்காது. யார் எப்போது மாற்றினார்கள் என்பதும் சாதாரணக் கோப்பில் தெரியாது. ஐ.எஸ்.ஓ. 17025 தரப்படி இயங்கும் லேப்புக்கு இது நேரடியாகவே குறை: திருத்தம் செய்தால் பழைய தரவும், தேதியும், திருத்தியவர் யார் என்பதும் நிற்க வேண்டும் என்று அந்தத் தரம் சொல்கிறது. அட்டவணையாக வைப்பதென்றால் எண் நெடுவரிசைகளை 'டெக்ஸ்ட்' வடிவுக்கு மாற்றிவிட்டு, ரிஜிஸ்டர் பக்க எண்ணுக்கு ஒரு நெடுவரிசை போடுங்கள்.

பெஞ்ச் மென்பொருளில் பிழைச் சதவீதம் ரெஃபரன்ஸ் மீட்டரிலிருந்து (ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான துல்லிய மீட்டர்) நேராகப் பதிவாகிறது. கை குறுக்கே வராது. மீட்டர் மாறிலியை (ஒரு யூனிட்டுக்கு எத்தனை பல்ஸ் என்ற எண்) 3200-க்குப் பதில் 1600 என்று தட்டினால் பிழை தாறுமாறாக வந்து உடனே தெரிந்துவிடும். தெரியாமல் நுழைவது வரிசை எண்: 7-ஆம் இடத்து மீட்டரும் 8-ஆம் இடத்து மீட்டரும் மாறி மாட்டப்பட்டால் இரண்டு சான்றிதழும் அழகாக அச்சாகும், இரண்டும் தப்பு. பலகையில் மாட்டியபின் ஒருவர் வாசிக்க, இன்னொருவர் திரையில் சரிபார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. பெஞ்ச் கணினியின் மதர்போர்டு பேட்டரி போனால் தேதியும் பின்னோக்கிப் போய்விடும். காலையில் முதல் வேலை தேதியைப் பார்ப்பது. ஹார்டு டிஸ்க் போனால் எல்லாமே போச்சு என்பதால், வாரம் ஒரு முறை தரவை பி.டி.எஃப். ஆகவும் வேறொரு கணினியில் எடுத்து வையுங்கள்.

மூன்றில் எதை எடுத்தாலும் உள்ளே இருக்க வேண்டியவை மாறாது. தகராறு வருவது விட்டுப்போன கட்டங்களில்தான். கழற்றியபோது இருந்த ரீடிங், சோதனைக்குப் பிந்தைய ரீடிங், பழைய சீல், புதிய சீல், ரெஃபரன்ஸ் மீட்டரின் எண், அதன் அளவுத்திருத்தச் சான்று செல்லுபடியாகும் தேதி, உடனிருந்தவர் கையெழுத்து. பூட்டிய வீட்டில் காவல்காரர் மட்டும்தான் இருப்பார் என்றால் அவர் யார் என்று எழுதி அவரிடமே வாங்க வேண்டும்.

வெறும் 'சரி' என்று எழுதுவது பதிவே ஆகாது. 5–30 ஆம்பியர், 1.0 வகுப்பு (ஒரு சதவீதத் துல்லிய) மீட்டரென்றால் 5 ஆம்பியரின் 0.4 சதவீதமான 20 மில்லி ஆம்பியரில் அது ஓடத் தொடங்க வேண்டும். 240 வோல்ட்டில் அது 4.8 வாட், பூட்டிய வீட்டு வாசலில் எரிகிற சின்ன எல்.இ.டி. பல்பு அளவு. சுமையே இல்லாதபோது 115 சதவீத மின்னழுத்தத்தில் ஒரு பல்ஸுக்கு மேல் வரக்கூடாது. "ஆளில்லாத வீட்டில் யூனிட் ஏறுது" என்ற புகாருக்கு இந்த இரண்டு முடிவும்தான் பதில். தனித்தனிக் கட்டத்தில் எண்ணாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

வெப்பநிலையையும் விடாதீர்கள். இந்தியத் தரத்தில் ஒப்பீட்டு வெப்பநிலை 27 டிகிரி. 1.0 வகுப்பு மீட்டருக்கு டிகிரிக்கு 0.05 சதவீதம் வரை மாற அனுமதி உண்டு. சித்திரை வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் 42 டிகிரி என்றால் 0.75 சதவீதம் அதிலேயே போகலாம். வெப்பநிலை எழுதாத களச் சோதனையை லேப் முடிவோடு ஒப்பிட வழியில்லை.

பலகையில் பல மீட்டர் இருக்கும் வளவு வீட்டுக்கு இன்னொரு கட்டம்: மெயினை அணைத்து எந்தப் பகுதி இருளுகிறது என்று பார்த்து எழுதுவது. மீட்டர் மாற்றும் நாளில் பங்காளிகளின் எண்கள் இடம் மாறியிருந்தால் எவ்வளவு துல்லியமாகச் சோதித்தும் பயனில்லை. ஒருவர் பயன்படுத்தியதற்கு மற்றவர் கட்டிக்கொண்டிருப்பார்.

கல்யாண மண்டபம், பாரம்பரிய ஓட்டல் போன்ற, பெரிய மின்னோட்டத்தைச் சிறிதாக்கி மீட்டருக்குத் தரும் சி.டி. (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) உள்ள இணைப்புகளில் சி.டி. ரேஷியோவைப் பெயர்ப்பலகையிலிருந்து ஒவ்வொரு முறையும் புதிதாக எழுத வேண்டும், பழைய பக்கத்தைப் பார்த்து அல்ல. 100/5 சி.டி.யை 200/5 ஆக மாற்றிவிட்டுப் மீட்டர் ரீடிங்கைப் பெருக்க வேண்டிய பெருக்கல் காரணியை 20-லேயே விட்டால் பாதிக் கணக்குதான் பில்லாகும். ஹரியானாவின் பிரேம் காட்டெக்ஸ் வழக்கு இதே ரகம்: 10 போட வேண்டிய இடத்தில் 5, 2006 முதல் 2009 வரை. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2021-இல். இத்தனை வருஷம் தாண்டி ஒரு சோதனைப் பக்கம் தேவைப்படலாம் என்பதால், மீட்டர் கழிவுக்குப் போன பிறகும் அடுத்த இரண்டு சோதனைச் சுற்று, அதாவது 10 ஆண்டு, மூலப்பதிவை வைத்திருங்கள். வழக்கோ புகாரோ நிலுவையில் உள்ள இணைப்பின் பக்கத்தில் சிவப்பு மையில் குறித்துவிட்டால், பழைய புத்தகங்களைக் கழிக்கும்போது அது தப்பித்தவறிக்கூட எடைக்குப் போகாது.